ஜூன் முப்பதில் சாகும் பட்டியல்

4 மே 2025, ஞாயிறு

கரமனை ஆற்றின் மேலும், சஜி கடை டீ பாய்லரின் மேலும், அந்த பாய்லர் என் இடது கையில் போட்ட தழும்பின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பாது. நானே நாளைக்குப் படித்தால் நம்புவேனா என்பது சந்தேகம். இருந்தாலும் சரித்திரத்துக்கு நான் செய்யவேண்டிய கடமை ஒன்று இருக்கிறது.

சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். எழுதுபவன் தளவாய். இந்த மலையாளத் தலைநகரில், சிவில் சர்வீஸ் கோச்சிங் சென்டர் வாசலில் இருபத்தொரு வருஷமாக டீ மாஸ்டர். நான் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக் கலெக்டரானவர்கள் இந்தியாவின் எல்லா ஜில்லாவிலும் இருக்கிறார்கள். நான் டீயை இழுத்து ஆற்றினால் ஒரு முனை தம்பானூரில் இருக்கும், மறு முனை எல்லையில் பாறசாலை செக்போஸ்டைத் தொடும்.

இந்த நோட்டு என் மருமகள் கலைச்செல்வியுடையது. அக்கா மகள். கோச்சிங் சென்டர் மாதாமாதம் போடும் நடப்பு நிகழ்வுப் புத்தகத்துக்குச் சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு என்று இரண்டு பகுதிகளை எழுதிக் கொடுக்கிறாள். வலது பக்கத்தில் மட்டும் எழுதுவாள். இடது பக்கமெல்லாம் காலி. இவ்வளவு நல்ல தாளை வீணாக்க மனம் வருமா? இடது பக்கம் இனி என் ராஜ்யம்.

இன்றைக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதியிருப்பது: ‘படித்தோர் வேலையின்மை: காரணங்கள் ஏழு.’ ஏழாவது காரணத்தின் கீழே பேனா மை தீர்ந்திருக்கிறது.

அதை எழுதியவளுக்கு வயது இருபத்தொன்பது. எம்.எஸ்.சி. ஐ.ஏ.எஸ். நாலு தடவை எழுதினாள். வேலை இல்லை.

9 மே, வெள்ளி

மழை வரும்முன்னே கொசு வந்துவிட்டது. நேற்று இரண்டு கொசுக்கள் சேர்ந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கப் பார்த்தன. கனம் தாங்காமல் வைத்துவிட்டுப் போயின.

விஷயத்துக்கு வருகிறேன். ஐ.ஏ.எஸ்ஸை விட்ட பிறகு கலை மாநிலப் பரீட்சை ஒன்று எழுதி ரேங்க் லிஸ்டில் வந்துவிட்டாள். ரேங்க் அறுபத்தைந்து. இங்கேயே, டவுனுக்குள்ளே இருக்கும் ஓர் ஆபீஸ். பேர் எழுதமாட்டேன், என் பேனாவுக்கு அந்த யோக்யதை உண்டு. மூன்று வருஷத்தில் அந்த லிஸ்டிலிருந்து அறுபத்திரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். மூன்றாவது வருஷம் ஜூன் முப்பதாம் தேதி முடிகிறது. அன்றைக்கு லிஸ்ட் சாகும். மறுநாள் அறுபத்தைந்தும் ஒன்றுதான், ஆறாயிரமும் ஒன்றுதான்.

மே முப்பத்தொன்றில் அந்த ஆபீசில் இரண்டு பேர் ரிட்டயர் ஆகிறார்கள். இரண்டு நாற்காலி. அறுபத்துமூன்றுக்கு ஒன்று, அறுபத்துநாலுக்கு ஒன்று. என் மருமகள் வாசற்படியில் நிற்கிறாள், கதவு மூடுகிறது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. முன்னால் நிற்கும் ஒருவர், ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தால் அடுத்த ரேங்குக்குப் போகும். லிஸ்ட் சாகும் வருஷத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவன் வீட்டு விலாசம் தேடிப் போய்க் கையைப் பிடிப்பான். கலையிடம் சொன்னேன்.

“ஒருத்தர் வேலைய விடச் சொல்லி அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கவா? நான் போகமாட்டேன் மாமா. நீங்களும் போகக்கூடாது, கேட்டியளா?”

கேட்டேன். கேட்டதோடு சரி.

மாலை அஞ்சரைக்கு வழக்கம்போல கம்பைன்ட் ஸ்டடிக்குப் போய்விட்டாள். நாலு பேர் ஒரு குழு. கோயில் மைதானத்தில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள்.

11 மே

அக்காவிடம் திட்டத்தைச் சொன்னேன். “லேய் தளவாயி, நீ வாயத் தொறந்தா கரமனை ஆறு மலையப் பாத்து ஓடும்லே. போயிட்டு வா. ஆனா பிள்ளைக்குத் தெரியப்பிடாது.” அக்கா சுடலைமாடத்தி வீடுவீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிப்பவள். பச்சை யூனிஃபார்ம் கோட்டைப் போட்டுக்கொண்டால் சேனாதிபதி மாதிரி இருப்பாள். இன்றைக்கு உத்தரவும் சேனாதிபதி மாதிரியே வந்தது.

18 மே, ஞாயிறு

அறுபத்துமூன்றாம் ரேங்கின் மேல் படையெடுப்பு. இடம் கல்லாறு, பொன்முடி அடிவாரம்.

பெயர் பிஜி. ஆற்றோரம் ஆம்லெட், உப்பு மாங்காய், குடிதண்ணீர் பாட்டில் விற்கும் தட்டுக்கடை. வயசு முப்பத்தாறு. நான் என் ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக ஃபேன் சுற்றவில்லை என்றேன். சுற்றிய அன்றைக்கு இரண்டு பேர் காற்றில் பறந்து போனார்கள் என்றேன். கரையான் தின்று தின்று மாடிப்படி மூன்றுதான் பாக்கி, மேலே போனவன் மேலேயே குடும்பம் நடத்துகிறான் என்றேன்.

பிஜி ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ஆற்றைக் காட்டினான்.

“அண்ணாச்சி, இந்தக் கடைய ஆறு ரெண்டு தவண கொண்டுபோயி. மழ பெஞ்சா மேல ரோட்ட அடைப்பான். ரோட்ட அடைச்சா டூரிஸ்ட் இல்ல. டூரிஸ்ட் இல்லாட்டி நான் ஆருக்கு முட்டை உடைக்கும்? படி இல்லாட்டி சாரமில்ல, ஏணி வச்சு ஏறும். ஞான் ஜாயின் செய்யும். உறப்பு, நிச்சயம்.”

ஆம்லெட்டுக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். கலையின் நோட்டில் ‘மலைவெள்ளமும் சிறு வணிகர் வாழ்வாதாரமும்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே பிஜி என்று எழுதி விடைத்தாளை மூடிவிடலாம்.

24 மே

காலவர்ஷ மழை எட்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அரசாங்கக் கடிதம்தான் இந்த ஊரில் முன்னாலே வராது.

27 மே

கலை பேசுவது குறைந்திருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். “என்னட்டி?” என்றால் “ஒண்ணுமில்ல மாமா, படிக்கணும்”. நான் ஒரு கதை விட்டேன்: எங்கள் கடைக்கு ஒரு முதலை வந்து பால் விடாத கட்டன் சாயா கேட்டது, சர்க்கரை வேண்டாம் என்றது, ஷுகராம். போன வருஷமென்றால் சாதம் மூக்கில் ஏறச் சிரித்திருப்பாள். இன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

என் சரக்குக்கும் காலாவதி தேதி வந்துவிட்டதா?

1 ஜூன், ஞாயிறு

நேற்று இரண்டு பேரும் ரிட்டயர் ஆனார்கள். இரண்டு நாற்காலி காலி. இன்றைக்கு அறுபத்துநாலு. விழிஞ்ஞம்.

எலிசாள். கலையோடு ஒரே வருஷம் கோச்சிங் படித்தவள், என் கடை டீ குடித்து வளர்ந்தவள். இப்போது டவுனில் ஒரு கன்டெய்னர் ஏஜென்சியில் கான்டிராக்ட் வேலை. இன்னொரு லிஸ்டிலும் அவளுக்கு வேலை வந்துவிட்டது, ஆனால் காசர்கோட்டில். ஜூலையில் சேரவேண்டும். இந்த ஊர் ஆபீஸ் கிடைத்தால் காசர்கோட்டை விட்டுவிடலாம், அம்மையோடேயே இருக்கலாம். அதற்காகத்தான் காத்திருக்கிறாள். நான் கேட்கப் போனது அதைத்தான். தெரிந்தேதான் போனேன்.

வீடு கடலுக்கும் கருங்கல் சுவருக்கும் ரொம்பப் பக்கத்தில். அவள் அம்மையும் நாலைந்து பெண்களும் மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள். அரிசி என்று நினைத்தேன். பிளாஸ்டிக் மணி. கப்பல் மூழ்கியதில் மூட்டை மூட்டையாகக் கரைக்கு வந்ததாம்.

“இதப் பத்தி உங்க மருமக அஞ்சு பாயின்ட் எழுதியிருக்கு, வாசிச்சேன்” என்றாள் எலிசாள், அம்மையைக் காட்டி. “ஆறாமத்த பாயின்ட் எங்க அம்மச்சி முதுகு. குனிஞ்சா நிமிர மாட்டேங்குது.”

நான் ஆரம்பித்தேன். ஃபேன், கரையான், படி. அவள் அசையவில்லை. அங்கே மேலதிகாரி தும்மினால் ஸ்டாஃப் எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும், அவருக்கு எட்டு மாதமாக ஜலதோஷம் என்றேன். காசர்கோட்டில் மாதச் சம்பளத்தோடு ஆளுக்கு ஒரு பலாமரம் தருகிறார்கள் என்றேன்.

“மாமா, எந்தா இது! ஞாயித்துக்கெழம அதுவுமா ஒரு மனுஷன் இவ்வளவு கள்ளம் சொல்லலாமோ? சர்ச்சுல குர்பானை முடிஞ்சு இப்பத்தான் வந்தேன்.” விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: “அம்மச்சிக்கு நான் ஒருத்திதான் மாமா. சாரி.”

எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது கடைசியாக ஒன்று வாயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

“தெனமும் ஆறு மணிக்குக் கரமனைப் பாலத்துல போய் நிக்கிறாம்மா அவ. தண்ணியப் பாத்துக்கிட்டு, ஒரு மணிக்கூர். எங்களுக்குப் பயமா இருக்கு.”

கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

எலிசாள் சிரிக்கவில்லை. “போயிட்டு வாங்க மாமா” என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. நல்ல பிள்ளை. கம்பைன்ட் ஸ்டடியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையைப் போய்ப் பாலத்தில் நிறுத்திவிட்டேனே. இதுவரை யாரையும் வைத்து இப்படிப் பொய் சொன்னதில்லை. கொசு, முதலை, கரையான். அவ்வளவுதான் என் எல்லை.

5 ஜூன்

எலிசாள் எழுதிக் கொடுத்துவிட்டாள்! நோட்டரி முத்திரை போட்ட தாளின் போட்டோவைக் கலைக்கு அனுப்பியிருக்கிறாள். அக்கா பச்சைக் கோட்டோடேயே அழுதாள்.

கலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீங்க அவ வீட்டுக்குப் போனீங்களா?”

“நானா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு திமிங்கலத்துக்கு சளிக்கு மருந்து...”

“மாமா. என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“ஃபேன் சுத்தாதுன்னேன்.”

“அதுக்கா எழுதிக் குடுத்தா?”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு, கடன்பட்டவள் மாதிரி நின்றாள்.

16 ஜூன், திங்கள்

ஆபீஸ் ஒரே ஒரு காலியிடத்தைத்தான் அறிவித்திருக்கிறது.

இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேருக்கும் மாலை போட்டு, சமோசா கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாற்காலி இருக்கிறது, என் கண்ணால் எட்டிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, மற்றது ‘பரிசீலனையில்’ என்கிறார்கள். நாற்காலியை என்ன பரிசீலிக்க? நாலு கால் இருக்கிறதா என்றா?

ஒன்று பிஜிக்குப் போகும். போகட்டும். அவன் கடையை ஆறு இரண்டு தடவை கொண்டுபோனது.

20 ஜூன்

கலை மனு கொடுத்தாள். கோலப்பன் என்று ஒரு கிளார்க், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ்தான். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாராம். “ஃபைல் மேல போயிருக்கு மக்கா. எறங்கி வரணும்லா. நான் என்ன செய்யதுக்கு?” நல்ல மனுஷன் என்றாள். நல்ல மனுஷர்களால் வந்த வினை, யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

25 ஜூன்

செக்ரட்டேரியட் வாசலில் ரேங்க் லிஸ்ட்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பல லிஸ்ட், எல்லாம் சாகப்போகிற லிஸ்ட். மழையில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கலையும் உட்கார்ந்திருந்தாள். கேன் நிறைய டீ கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு பையன் வாங்கிக்கொண்டு, “அண்ணா, எத்தர மணி ஆயி?” என்றான். எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

நானும் உட்கார்ந்தேன். ஒரு கதை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. இது என் ஜன்மத்தில் முதல் தடவை.

30 ஜூன், திங்கள்

காலை பத்து மணி: ஒன்றும் வரவில்லை.

மூன்று மணி: கோலப்பன் போனை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். கலை அழவில்லை. “சரி மாமா, செத்துப் போச்சு” என்றாள். லிஸ்டைத்தான் சொன்னாள். லிஸ்டைத்தானே?

1 ஜூலை

அஞ்சரைக்குக் கம்பைன்ட் ஸ்டடி என்று கிளம்பிப் போனாள். செத்த லிஸ்டுக்கு மறுநாளே படிக்கிற பிள்ளை! இவளைப் போல் ஒரு மனோதைரியம் உண்டா என்று கடை முதலாளி சஜியிடம் பெருமையடித்தேன்.

4 ஜூலை, வெள்ளி

ஆறேகாலுக்கு எலிசாள் போன் செய்தாள். பஸ்ஸில் இருக்கிறாள், சத்தம் சரியாகக் கேட்கவில்லை.

“மாமா, கரமனை வழி போற பஸ்ஸிலயாக்கும் நான் தெனமும் வீட்டுக்குப் போவேன். அன்னைக்கு நீங்க சொன்ன கதையில ஒண்ணுகூட நான் நம்பல. அந்தப் பாலம் மட்டும் நம்பினேன். ஏன்னா அதுக்கு முன்னாலயே ரெண்டு மூணு தவண கலைய அங்க நான் கண்டிருக்கு. யாரையோ காத்து நிக்குதுன்னு நெனச்சேன். நீங்க சொன்னப்பத்தான் விளங்கிச்சு. அதுக்காகத்தான் எழுதிக் குடுத்தேன். இப்பவும் நிக்குது மாமா. நல்ல மழ. குட இல்ல. டிரைவர் நிறுத்தமாட்டேங்கான். நீங்க போங்க. ஒடனே போங்க.”

பாலைப் பொங்கவிட்டு ஓடினேன். கிள்ளிப்பாலம் ஜங்ஷனில் நாற்பது பஸ் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறி மிதித்துத் தாண்டினேன். ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். ரேஷன் வாங்கப் போன அனுமார்கூட ஒதுங்கி வழிவிட்டார்.

மிச்சத்தை இப்போது எழுதமுடியாது.

6 ஜூலை

முடியவில்லை.

13 ஜூலை

எலிசாள் காசர்கோட்டுக்கு ரயிலேறினாள். கலையும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “உன்னால எனக்கு ஒரு நஷ்டமும் இல்லடி. எழுதிக் குடுக்காட்டியும் அந்த வேக்கன்ஸி எனக்கும் வந்திருக்காது” என்றாள் எலிசாள். கணக்கு சரிதான். அம்மச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

2 ஆகஸ்ட், சனி

கலை இந்த நோட்டை விட்டுவிட்டாள். இப்போது வலது பக்கமும் காலி. ஆனாலும் நான் இடது பக்கத்தில்தான் எழுதுகிறேன், பழகிவிட்டது.

அந்த ஆபீசின் இரண்டாவது நாற்காலிக்கு விளம்பரம் வந்தது. தற்காலிகம். நூற்றெழுபத்தொன்பது நாள். நேற்று இன்டர்வியூ நடத்தி இன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: கலைச்செல்வி. திங்கட்கிழமை போய் உட்காரவேண்டும். ஜூன் முப்பதுக்கு முன்னால் பரிசீலனை முடிந்திருந்தால் ரிட்டயர் ஆகும்வரை அவளுடையதாக இருந்திருக்கும். அதே நாற்காலி. இப்போது ஜனவரி இருபத்தொன்பது வரை. அதற்குப் பிறகு எழுந்து கொடுக்கவேண்டும்.

கல்லாற்றுப் பிஜி இப்போது அங்கேதான், பக்கத்து மேஜையில். அவன்தான் முதலில் போன் செய்து சொன்னான். “அண்ணாச்சி, இவிட ஃபேன் சுத்துது. படியும் உண்டு. நீங்க பறஞ்சது முழுக்க கள்ளம்.”

அக்காவுக்கு இதில் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கும். கலை இரண்டு சுரிதாரை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அன்றைக்கு விட்ட மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

நாற்பது பஸ்ஸின் மேலே நான் ஓடவில்லை. யாரும் சல்யூட் அடிக்கவில்லை. ஓர் ஆட்டோ பிடித்தேன், பாதியில் டிராஃபிக், இறங்கி ஓடினேன், மூச்சு வாங்கி இரண்டு தடவை நின்றேன். ஐம்பத்திரண்டு வயது. அவ்வளவுதான்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றாள். ஆறு செம்மண்ணாக, பாட்டிலும் தெர்மோகோலுமாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். “கம்பைன்ட் ஸ்டடி?” என்றேன்.

“அதெல்லாம் மார்ச்லயே நின்னு போச்சு மாமா. ஒருத்தன் துபாய், ஒருத்தி பேங்க், ஒருத்தி கல்யாணம். நான் மட்டும் யார்கிட்ட கேள்வி கேக்க?”

மூன்று பேரும் என் கடைக்கு வந்து, விடைபெற்று, டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். கணக்கு என் கையில் இருந்தது. நாலில் மூன்று போனால் மிச்சம் ஒன்று. நான் போடவில்லை.

“வீட்ல இருந்தா அம்மை மொகத்தப் பாக்கணும். இங்கன்னா ஆத்த மட்டும் பாத்தாப் போதும். மொதல்ல சும்மாத்தான் நின்னேன் மாமா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்புறம் சும்மா இல்ல.”

வாயில் முதலை ஒன்று வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த கையை விடாமல் வீடுவரை நடந்தோம். அக்கா பார்த்தாள். அன்றைக்கு மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். மறுநாள் நானும் அக்காவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பெயர் பாகீரதி. வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். போகிறாள்.

ஆறு மணியானால் இன்னும் பாலத்துக்குத்தான் போகிறாள். பழகிவிட்டது என்கிறாள். நானும் போகிறேன், ஃபிளாஸ்க்கோடு. சஜி அந்த ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பெரும்பாலும் பேசுவதில்லை. நேற்று மட்டும், “அந்த முதலைக்கு ஷுகர் கொறஞ்சுதா மாமா?” என்று கேட்டாள். சிரித்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்டாள்.

கொசு சிலிண்டர் தூக்கியது பொய். டீயின் மறு முனை பாறசாலையைத் தொட்டது பொய், கரமனை வரைகூடப் போகவில்லை. ஃபேன், படி, பலாமரம், தும்மல், அனுமார், எல்லாம் பொய். விழிஞ்ஞத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேனே, தினமும் ஆறு மணிக்குப் பாலத்தில் போய் நிற்கிறாள் என்று, அதையும் பொய்யென்று நினைத்துத்தான் சொன்னேன்.

அது ஒன்று மட்டும் நிஜம்.